ஒதுங்கிப் போன ஏழாம் நம்பர்

மூன்றாவது முறையும் விமானம் அதே இடத்தில்தான் சறுக்கியது.

ரன்வே நேர் எதிரே நீண்டு கிடந்தது. தரைக்கு இன்னும் முந்நூறு அடி. ஏழாம் நம்பர் விமானத்தின் இடது இறக்கை சட்டென்று தாழ்ந்தது. வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கினாற்போல வயிற்றுக்குள் ஒரு வெறுமை. பயிற்சி மாணவி ஆவுடைச்செல்வி திசை திருப்பும் ஸ்டிக்கை இறுகப் பிடிப்பதற்குள் விமானம் முப்பது அடி இறங்கித் தானாகவே நிமிர்ந்துவிட்டது. எல்லாம் மூன்று நொடிக்குள்.

பக்கத்து இருக்கையில் இருந்த தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் சிவசைலம் மடியில் இருந்த தாளில் எதையோ எழுதினார். சக்கரங்கள் தரையைத் தொட்டு, விமானம் ஓடி நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, இறங்குற நேரத்துல ஸ்டிக்க ஏன் அப்படித் தள்ளுற?"

"நான் தள்ளல சார்."

"ஸ்டிக் உன் கைக்குள்ளதான இருந்துச்சு? நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். அது தானா நகருமா?"

ஸ்டிக் நகர்ந்தது உண்மை. அவள் கை அதன்மேல் இருந்ததும் உண்மை.

"நீ வேணும்னு பண்றேன்னு சொல்லல. சில பேருக்குத் தரை கிட்ட வந்தா கை தன்னால பதறும். அது அவங்க தப்பு இல்ல. ஆனா அந்தக் கைய நம்பி இருபது பேர பின்னால உக்கார வைக்க முடியாதுல்லா?"

தாளில் மூன்றே சொற்கள் இருந்தன: கை நிலையாக இல்லை.

மூன்று தேர்வுப் பறப்பிலும் தவறினால் பள்ளியை விட்டு நீக்குவது விதி. வெள்ளிக்கிழமை வந்து சான்றிதழ்களை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாத்தனேரி, திருநெல்வேலிக்குத் தெற்கே செம்மண் காட்டுக்குள், போர்க்காலத்தில் போட்டு மறந்துபோன ஓடுதளம். ஊருக்கு ஊர் பறக்கும் சின்ன மின் விமானங்கள் வந்த பிறகு நாட்டில் விமானிகள் போதவில்லை. மூன்று பயிற்சிப் பள்ளிகள் அந்த ஒரே ரன்வேயைப் பங்கிட்டுக்கொண்டன. பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரே வேலைதான். ஏறி, இரண்டு முறை இடப்பக்கம் திரும்பி, ரன்வேக்கு இணையாகப் போய், மறுபடி இரண்டு முறை திரும்பி இறங்க வேண்டும். தொட்டதும் மீண்டும் ஏற வேண்டும். இந்தச் செவ்வகச் சுற்றுக்கு சர்க்யூட் என்று பெயர். இறங்குவதற்கு முந்திய கடைசி நேர்கோடு ஃபைனல்.

விமானங்களை வழிநடத்தும் கோபுரத்தில் ஆள் கிடையாது. ஒவ்வொரு விமானத்திலும் டிபன் பாக்ஸ் அளவில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. மென்காப்பு என்று பெயர். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இரண்டு விமானங்களுக்கு நடுவே நூறு அடிக்கும் குறைவாக இடைவெளி வந்தால் மணி அடிக்கும். அப்போதும் விமானி அசையாவிட்டால் ஸ்டிக்கைத் தானே திருப்பிவிடும். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. பெட்டி வந்து மூன்று வருடமாகிறது. மணி ஒரு தடவைகூட அடித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஒரே நேரத்தில் ஐந்து விமானங்கள் சுற்றிய வானத்தில் இப்போது பதினொன்று சுற்றின.

அடுத்த மூன்று நாளும் ஆவுடை தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நீட்டிப் பிடித்தாள். சிந்தவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு மருத்துவர், விரல்களை நீட்டச் சொல்லி, மூக்கைத் தொடச் சொல்லி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் அன்று மாலை அப்பாவுக்கு டீ ஊற்றும்போது கை நடுங்கியது. நடுங்கியதா, நடுங்கும் என்று பயந்ததில் நடுங்கியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை, விமானங்கள் நிறுத்தும் ஹேங்கருக்குப் போனாள். விமானங்களைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் பொறியாளர் பிலோமினா, ஒரு எஞ்சின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி, நாற்பது வயது. மாணவர்கள் எல்லோருக்கும் அக்கா.

"அக்கா, ஏழாம் நம்பர்ல ஏதாவது கோளாறு இருக்குமா?"

பிலோமினா துடைப்பதை நிறுத்தினாள். "ஏளா, நீ பெயிலானதுக்கு என் விமானமா கெடச்சுது? திங்கக்கெழம நாந்தான் அக்கு வேற ஆணி வேறயா பாத்து கையெழுத்துப் போட்டு விட்டேன்."

"இல்லக்கா. எனக்குப் பள்ளியில சீட்டு திரும்ப வேண்டாம். என் கை சரியா இருக்கா இல்லயான்னு மட்டும் தெரிஞ்சா போதும். டீ ஊத்தவே பயமா இருக்கு. அப்பா ஸ்கூட்டர் சாவியக் குடுத்தாவ. வாங்கல. பஸ் ஸ்டாப்புலேருந்து நடந்தே வந்தேன்."

பஸ் நிற்கும் இடம் நான்கு கிலோமீட்டர் தள்ளி. பிலோமினா அவள் கால்களைப் பார்த்தாள். முழங்கால்வரை செம்மண் படிந்திருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் பக்கம் போனாள்.

கேபிள்கள் சரியாக இருந்தன. கீல்கள் சரி. இறக்கையின் எடை சரி. ஒன்றரை மணி நேரம் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியாக, இருக்கைக்கு அடியில் மென்காப்புக்கு என்று வைத்திருக்கும் சின்ன மோட்டாரின் மூடியைக் கழற்றினாள். வருடாந்திரச் சோதனையில் அதைத் திறக்கச் சொல்லிப் பட்டியலில் இல்லை. வேலையே செய்யாத சாமானைத் திறந்து பார்ப்பானேன்?

மூடிக்குள் பித்தளைத் தூள் கொட்டிக் கிடந்தது. பல்சக்கரத்தின் பற்கள் பாதி தேய்ந்திருந்தன.

பிலோமினா அப்படியே உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய், மூன்றாம் நம்பரின் மோட்டாரைத் திறந்தாள். ஃபேக்டரியில் தடவிய எண்ணெய் காயாமல் பளபளத்தது. ஒன்பதாம் நம்பரைத் திறந்தாள். அதுவும் புதுசு.

"சாரக் கூப்புடு," என்றாள்.

சிவசைலம் வந்து குனிந்து பார்த்தார். தூளை விரலால் தொட்டுத் தேய்த்தார். கோயம்புத்தூரில் மென்காப்பு செய்யும் கம்பெனிக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டார். உதவி மையத்தில் ஒரு பெண் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, ஏழாம் நம்பரில் அவசர நிகழ்வு ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றாள்.

"அப்போ மோட்டார் தானா சும்மா சும்மா ஓடுது," என்றார் அவர். "அப்படித்தான இருக்கணும்? பிலோமினா, அந்த மோட்டார் ஃபியூசப் புடுங்கிரு. நாளைக்குக் காலைல நானும் இந்தப் புள்ளையும் போறோம். இவதான் ஓட்டுவா. விமானம் சறுக்கலன்னா தப்பு மோட்டார்ல. சறுக்குனா இவ கையில."

"மணியும் அதே ஃபியூசுலதான சார் ஓடுது. பெட்டி இல்லாமலா? பதினோரு விமானத்துக்கு நடுவுல?"

"மூணு வருஷமா அது ஒரு வேலையும் பாக்கலையேம்மா. நாங்கள்லாம் அது இல்லாமதான பறந்தோம்? கண்ணு இருக்கு, ரேடியோ இருக்கு." பிறகு ஆவுடையைப் பார்த்து, "யாரையும் அநியாயமா அனுப்புனேன்னு இருக்கக் கூடாது," என்றார்.

வெள்ளி காலை பதினோரு மணி வாக்கில் ஏறினார்கள். முதல் சுற்றில் ஃபைனலுக்கு வந்தபோது ஆவுடை உயரம் காட்டும் முள்ளையே பார்த்தாள். முந்நூறு அடி வந்தது. இருநூறு வந்தது. விமானம் தண்டவாளத்தில் போவது போல் இறங்கித் தரையைத் தொட்டது. இரண்டாவது சுற்றிலும் அப்படித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கேப்டன் தாளை எடுக்கவே இல்லை.

"இன்னொண்ணு," என்றார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

மூன்றாவது சுற்றில் ஃபைனலுக்குத் திரும்பியதும் மற்றவர்களுக்கு அதை ரேடியோவில் சொன்னாள். அவள் பேசி முடித்தபோது காதில் ஒரு கீச்சொலி கேட்டது. வேறு யாரோ அதே நொடியில் பேசியிருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் யாருக்கும் கேட்காது.

ஏழாம் நம்பருக்கு இறக்கை தலைக்கு மேலே. அதனால் மேலே இருப்பது தெரியாது. மற்ற விமானங்களுக்கு இறக்கை இருக்கைக்குக் கீழே. அவற்றுக்குக் கீழே இருப்பது தெரியாது. ஆவுடை இடப்பக்கக் கண்ணாடி வழியாகத் தரையைப் பார்த்தாள். செம்மண்ணில் அவளுடைய விமானத்தின் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொரு நிழல் வந்தது.

அது இறக்கை அகலமான நிழல். அவள் நிழலைவிட வேகமாக வந்தது. மூக்கு வந்து அவள் நிழலின் வாலைத் தொட்டது.

"சார், மேல!"

அவர் தலையைத் தூக்கினார். மேலே இறக்கைதான் தெரிந்தது. அவர் கை ஸ்டிக்கை நோக்கி வருவதற்குள் அவள் கை நகர்ந்துவிட்டது. இடப்பக்கம் சாய்த்து, கீழே தள்ளினாள். வயிற்றுக்குள் அதே வெறுமை. வலப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே, கை நீட்டினால் தொடலாம் போல, ஒரு சக்கரம் தொங்கிக்கொண்டு போனது. சுழலாத சக்கரம். அதன் டயரில் இருந்த வெட்டுகூடத் தெரிந்தது. பிறகுதான் சத்தம் வந்து கூரையை அறைந்தது.

நூற்றைம்பது அடியில் அவள் விமானத்தை நிமிர்த்தினாள். பனைமரங்களின் தலை அருகில் தெரிந்தது. மேலே போன விமானம் மூக்கைத் தூக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"கைய எடுத்துராத," என்றார் கேப்டன். "அப்படியே எறக்கு. நல்லா வருது. எறக்கு."

இறக்கினாள். ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். பிலோமினா வெயிலில் ஓடிவருவது தெரிந்தது.

மேலே இருந்தது ஒன்பதாம் நம்பர். தனியாக ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த கோமதிநாயகம் என்ற மாணவன் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்து இறங்கினான். இறங்கியவன் நேராகக் கேப்டனிடம் ஓடிவந்தான்.

"சார், திடீர்னு ஏதோ மணி அடிச்சுது சார். என்ன மணின்னே தெரியல. பயத்துல மேல இழுத்துட்டேன். யாரையும் பாக்கல சார். சத்தியமா யாரையும் பாக்கல."

சாத்தனேரியில் மணி அடித்தது அதுதான் முதல் தடவை.

சிவசைலம் ஆவுடை பக்கம் திரும்பினார். "இப்ப நீ பண்ணுன பாரு, இடது பக்கம் சாச்சு, கீழ தள்ளி..."

"ஆமா சார். இந்தத் தடவ நாந்தான் தள்ளினேன்."

"போன மூணு தடவையும் இதேதான் நடந்துச்சு. அப்பிடியே இதே மாதிரி." அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அப்போ மூணு தடவையும் மேல இன்னொரு விமானம் இருந்துச்சு."

மணி அடித்தது கோயம்புத்தூரிலும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே கம்பெனியிலிருந்து திருமூர்த்தி என்பவர் வந்தார். மென்காப்புக்குள் ஓடும் விதிகளை எழுதியவர் அவர்தான். முன்நெற்றி வழுக்கை, கசங்கிய சட்டை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். ஹேங்கருக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து கணினியைத் திறந்தார். கேப்டன், பிலோமினா, ஆவுடை மூவரும் சுற்றி நின்றார்கள்.

"ஃபியூச யாருங்க எடுத்தது?"

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்," என்றார் சிவசைலம். "வேலையே பாக்காத பெட்டிதானன்னு நெனச்சேன்."

திருமூர்த்தி திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "அது வேலை பாக்காம இல்லீங்க. பாத்துட்டேதான் இருந்துச்சு. ரெண்டு விமானம் ஒண்ணுக்கொண்ணு முந்நூறு அடி தூரத்துல வர்றப்பவே பெட்டிக ரெண்டும் பேசி முடிச்சுக்கும். ஒண்ணு மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கும். நூறு அடிக்கு வந்தாத்தானே மணி? அதுக்கு முன்னாடியே ஒதுங்கிடறதால மணி அடிக்கறதுக்கு வேலையே இல்லீங்க."

"கையேட்டுல இது இல்லையே," என்றாள் பிலோமினா.

"இல்லீங்க. நாங்களே எடுத்துட்டோம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்ல நாங்க செஞ்ச பெட்டி, பக்கத்துல வந்தாலே மணி அடிக்கும். வேற மாநிலத்துல ஒரு பயிற்சித் திடல்ல வெச்சோம். மணி கேட்டு ஒரு பையன் பதறி ஸ்டிக்க இழுத்தான். விமானம் வேகம் கொறஞ்சு விழுந்துருச்சு. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு பொண்ணு. பெட்டி ஒரு பக்கம் திருப்ப, அந்தப் பொண்ணு இன்னொரு பக்கம் திருப்ப. ரெண்டு வீட்டுக்கும் நாந்தானுங்க போனேன். அதுக்கப்புறந்தான் சத்தமே இல்லாம செஞ்சோம். யாருக்கும் தெரியாம நகத்தி, நிமித்தி விட்டுரும். அப்பறம் ஒருத்தரும் சாகலீங்க. எந்த ஊர்லயும்."

தகரக் கூரை வெயிலில் டொக்கென்று ஓசையிட்டது.

ஆவுடைதான் கேட்டாள். "எந்த விமானம் ஒதுங்கணும்னு யார் சார் முடிவு பண்றது?"

"எடை கம்மியானதுங்க. அதுதான் சீக்கிரம் நகரும். ரெண்டும் நகர வேண்டியதில்ல, ஒண்ணு நகந்தா போதும்."

"இங்கனக்குள்ள எடை கம்மி ஏழாம் நம்பர்," என்றாள் பிலோமினா. "மூணு பள்ளிக்கூடத்துலயும் சேத்து."

"ஆமாங்க."

"எத்தன தடவ ஒதுங்கியிருக்கு?"

அவர் தட்டிப் பார்த்தார். "மூணு வருசத்துல இந்தத் திடல்ல மொத்தம் அறுநூத்தி அம்பத்தஞ்சு. அதுல ஏழாம் நம்பர் அறுநூத்தி நாப்பது."

பிலோமினா அலுவலக அறைக்குப் போய், நீக்கப்பட்ட மாணவர்களின் கோப்பை எடுத்து வந்தாள். மூன்று பேர். பிரதாப், ஜெபராணி, ஆபிதா. மூவரும் ஏழாம் நம்பரில் பழகியவர்கள். மூவர் தாளிலும் சிவசைலத்தின் கையெழுத்தில் அதே மூன்று சொற்கள். தேதிகளை அவள் ஒவ்வொன்றாகப் படிக்க, திருமூர்த்தி திரையில் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தேதிக்கும், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பெட்டியில் பதில் இருந்தது.

"அறுநூத்தி நாப்பதுல மேல இருந்தது யார் யாரு?" என்று கேட்டார் சிவசைலம்.

"அது வேண்டாங்களே."

"சொல்லுங்க."

"நூத்திப் பத்து தடவ மூணாம் நம்பருங்க."

மூன்றாம் நம்பர் அவர் வழக்கமாக ஓட்டும் விமானம். அவர் தலையை ஆட்டினார். ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட யார் பக்கத்திலும் போனதில்லை என்று மாணவர்களிடம் அடிக்கடி சொல்லுகிறவர்.

திருமூர்த்தி மெதுவாகச் சொன்னார். "நான் ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. இத வெளிய சொன்னா என்ன ஆகும்? பசங்க ஸ்டிக்க இறுக்கிப் புடிப்பாங்க. எங்க பெட்டி நகத்துதோன்னு எதிர்த்துத் தள்ளுவாங்க. மறுபடியும் சாவு விழும். நீங்க நீக்குன மூணு பேரு கஷ்டம் பெருசுதான். இல்லேங்கல. ஆனா உசுரோட இருக்காங்க."

"சார், அந்தப் புள்ளைங்க உசுரோடதான் இருக்கு," என்றாள் பிலோமினா. "இவளும் உசுரோடதான் இருக்கா. டீ ஊத்தப் பயந்துகிட்டு இருக்கா. அவ கைய உங்க பெட்டி நகத்திட்டு, நான் இல்லன்னு உக்காந்திருக்கு. நகத்துங்க, வேண்டாங்கல. நகத்தி முடிச்சு, நிமித்துன பெறவாவது சொல்லித் தொலைங்களேன். நாந்தான்னு."

"முடிஞ்ச பெறவா?"

"அப்போ பதறுறதுக்கு என்ன இருக்கு?"

திருமூர்த்தி அவளைப் பார்த்தார். கணினியை மூடினார். மறுபடி திறந்தார். மூன்று நாள் சாத்தனேரியிலேயே தங்கினார். ஏழாம் நம்பரின் மோட்டாருக்குப் புதுப் பல்சக்கரம் போட்டுத் தந்தார். ஒதுங்கும் முறையை விமானங்களுக்குள் மாறி மாறி வருமாறு மாற்றினார். ஒவ்வொரு விமானத்தின் கருவிப் பலகையிலும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கை வைத்தார். பெட்டி விமானத்தை நகர்த்தி, நிமிர்த்தி, நான்கு நொடி கழித்து அந்த விளக்கு எரியும். அவ்வளவுதான். சத்தம் கிடையாது. பறப்பதற்கு முன்னால் மாணவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து அவரே விளக்கிச் சொன்னார். ஊருக்குப் போகும்போதும் அவர் முகத்தில் பயம் போகவில்லை. தினமும் மாலையில் ஃபோன் செய்து, யாரும் எதிர்த்துத் தள்ளினார்களா என்று கேட்டார். யாரும் தள்ளவில்லை.

முதல் வாரம் மட்டும் விளக்கு பத்தொன்பது தடவை எரிந்தது. சிவசைலத்துக்கே நான்கு. வாரக் கடைசியில் மூன்று பள்ளிக்காரர்களும் தேநீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்து பேசினார்கள். ஒரே நேரத்தில் ஐந்து விமானத்துக்கு மேல் சுற்றுவதில்லை என்று முடிவாயிற்று. ரேடியோவில் ஒரு கீச்சொலி கேட்டால் இரண்டு பேரும் மறுபடி சொல்ல வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஒரு மாதத்தில் விளக்கு எரிவது வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று வந்து நின்றது.

ஆவுடை நான்காவது முறையாகத் தேர்வுப் பறப்புக்குப் போனாள். அதே ஏழாம் நம்பரில்தான். அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கேப்டன் தாளில் என்ன எழுதினார் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவரே திருப்பிக் காட்டினார்.

மீதமிருந்தது அந்த மூன்று பேர்.

பிரதாப் தென்காசியில் மொபைல் கடை வைத்திருந்தான். ஃபோனில் விஷயத்தைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டான். பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டு, "சார், இத ஒரு தாள்ல எழுதித் தர முடியுமா? எங்கப்பாட்ட காட்டணும்," என்றான். ஜெபராணி வேறு மாநிலத்தில் வேறு பள்ளியில் சேர்ந்து, விமானியாகவே ஆகியிருந்தாள். "எனக்கு அப்பவே தெரியும் சார், நான் தள்ளலன்னு," என்றாள். சிவசைலம் மன்னிப்புக் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

ஆபிதாவின் எண் மாறியிருந்தது. நீக்கப்பட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. மேலப்பாளையத்தில் கல்யாணமாகி இருப்பதாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிவசைலமும் பிலோமினாவும் விசாரித்துக்கொண்டு போனார்கள்.

வாசலில் மூன்று உயரமான படிகள். உள்ளே சிமெண்டுத் தரையில் ஒரு பாயை விரித்து ஆபிதா உட்கார்ந்திருந்தாள். பத்து மாதக் குழந்தை ஒன்று அவளைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருந்தது. கேப்டனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிலோமினா அதைக் கவனித்தாள்.

குழந்தை அழுதது. "மாமி, புள்ளையக் கொஞ்சம் தூக்குங்களேன்," என்று ஆபிதா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். மாமியார் வந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

சிவசைலம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மோட்டார், பித்தளைத் தூள், நிழல், திருமூர்த்தி காட்டிய தேதிகள், ஒன்றையும் விடவில்லை. ஆபிதா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ என் கை?" என்றாள் கடைசியில்.

"உன் கை நல்லாத்தாம்மா இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல."

"சத்தியமாவா சார்?"

"தேதி, மணி எல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்கேன்." உறையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கைகள் இன்னும் முந்தானைக்குள்ளேயே இருந்தன.

மாமியார்தான் பேசினார். "இதுக்குத்தானா? பாருங்க, புள்ள பொறந்ததுலேருந்து இவ நின்னுக்கிட்டு தூக்குனதே இல்ல. உக்காந்துதான் மடியில வாங்குவா. மாடிப்படி பக்கம் போக மாட்டா. கெணத்துப் பக்கம் போக மாட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நாங்கூட சோம்பேறின்னு நெனச்சு ரெண்டு மூணு தரம் ஏசிட்டேன்."

ஆபிதா முந்தானையை விலக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "குடுங்க மாமி," என்றாள்.

"உக்காரேன்டி."

"வேண்டாம். இப்டியே குடுங்க."

குழந்தை அவள் கைக்கு மாறியது. பழக்கமில்லாத உயரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்து முதலில் திகைத்தது. பிறகு அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆபிதா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். படி விளிம்பில் ஒரு நொடி நின்றாள். பிலோமினா தன்னையறியாமல் ஓரடி முன்னால் வைத்தாள். சிவசைலம் அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

ஆபிதா ஒரு படி இறங்கினாள். இன்னொன்று. கடைசிப் படியும் இறங்கித் தெருவில் நின்றாள். எதிர் வீட்டு வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியைக் குழந்தைக்குக் காட்டி, காதருகே ஏதோ சொன்னாள். குழந்தை துள்ளியது. அவள் இன்னும் சற்று உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.